கசப்பு மரவள்ளி, இனிப்பு மரவள்ளி: பெயர் சரிதானா?

மரவள்ளிக்கிழங்கைக் கசப்பு வகை, இனிப்பு வகை என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள், வேளாண் காணொலிகளில் "இனிப்பு மரவள்ளி" என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தஞ்சாவூர்ச் சந்தையில் போய் இனிப்பான வள்ளிக்கிழங்கு கேட்டால் சர்க்கரைவள்ளியைத்தான் எடுத்துத் தராசில் வைப்பார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை.

முதலில் வள்ளி. வள்ளி என்றால் கொடி. புறநானூற்றின் 109ஆம் பாட்டில் பறம்பு மலையின் உழவர் உழாத விளைச்சல்களை அடுக்கும் கபிலர், "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு" என்று ஒன்றைச் சொல்கிறார். அது இந்தக் கிழங்கு இல்லை, கொடியாகப் படரும் வேறொன்று. நம் மரவள்ளி தென் அமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இதைப் பஞ்சம் தாங்கும் பயிராகப் பரப்பினார். கொடியே இல்லாமல் குச்சியாக நிமிர்ந்து நிற்கும் செடிக்கு வள்ளி என்று பெயர் வைத்து, முன்னால் "மர" என்று ஒட்டிச் சமாளித்துவிட்டார்கள். குச்சிக்கிழங்கு, குச்சிவள்ளி, குமரிப் பக்கம் மரச்சீனி, எல்லாம் இதேதான். டேபியோக்கா என்பது பிரேசிலின் தூப்பி மொழிச் சொல், அங்கே அது செடியின் பெயரே அல்ல, கிழங்கைப் பிழிந்தெடுத்த மாவின் பெயர்.

சரி, கசப்புக்கு வருவோம். முன்பு தாவரவியலாளர்கள் கசப்பு ஒரு இனம், இனிப்பு வேறு இனம் என்றே பிரித்து எழுதினார்கள். இப்போது இரண்டும் ஒன்றுதான், மானிஹாட் எஸ்குலென்ட்டா. வித்தியாசம் லினமாரின் என்ற பொருளின் அளவில் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ மெல்லும்போதோ செல்கள் உடைந்து, தனியாக ஒதுங்கியிருந்த நொதி லினமாரினைத் தொட, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் இனிப்பு வகையில் சேர்ப்பார்கள், 100ஐத் தாண்டினால் ஆபத்து. சதையைவிடத் தோலில் அதிகம், அதனால்தான் தோலைத் தடிமனாகச் சீவிவிட்டு, துண்டு போட்டு, மூடாமல் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறோம். இதில் ஒரு சிக்கல்: வறட்சியில் காய்ந்த செடியில் நஞ்சு ஏறும், தழைச்சத்தை அள்ளிப் போட்டாலும் ஏறும். ஆக அதே ரகம் ஒரு கொல்லையில் சாதுவாகவும் அடுத்த கொல்லையில் கசந்தும் வரலாம்.

விளைச்சலில் கசப்பு வகைக்குத்தான் பொதுவாகப் பெயர். அது மெதுவாக வளரும், ஒரு வருடத்துக்கு மேல்கூட மண்ணிலேயே விட்டு வேண்டும்போது பிடுங்கலாம், எலியும் பன்றியும் அவ்வளவாக வாய் வைக்காது. கசக்காத வகை சீக்கிரம் முற்றும், அதிக நாள் விட்டால் நார் பாய்ந்துவிடும். நம்மூர் ரகங்களையே பாருங்கள்: சமையலுக்குப் பேர்போன எம்-4 பத்து மாதத்தில் ஹெக்டேருக்கு 18 முதல் 23 டன், ஆலைக்குப் போகும் எச்-226 அதே பத்து மாதத்தில் 30 முதல் 35 டன். சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் எடையோடு மாவுச்சத்தையும் "பாயின்ட்" கணக்கில் அளந்துதான் விலை போடுகிறார்கள், அங்கே ருசியை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இதை விதியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ ஜெயா, வேகவைத்தால் அருமையாக இருக்கும் ரகம், ஏழே மாதத்தில் 26 முதல் 30 டன் தருகிறது.

காவிரி டெல்டாவுக்கு இந்த ஏழு மாதக் கணக்குதான் கவனிக்க வேண்டிய இடம் என்பேன். பழைய டெல்டாவின் களிமண்ணில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும், அது ஆகாது. வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணில், வடிகால் நன்றாக இருக்கும் வயலில், சம்பா அறுத்ததும் கரணை (நடவுக் குச்சித் துண்டு) ஊன்றினால் ஆறு ஏழு மாத ரகம் அடுத்த சம்பா நடவுக்குள் வயலைக் காலி செய்துவிடும். குறுவை போகும், அது ஒரு நட்டம்தான். பத்து மாதக் கிழங்கு என்றால் சம்பாவும் சேர்ந்து போய்விடும்.

இனி சொல். இதில் இனிப்பு என்பது கசப்பில்லாதது என்று மட்டுமே பொருள்படும், சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. தமிழில் கசக்கும் மரவள்ளி, கசக்காத மரவள்ளி என்று எழுதினாலே போதும், அதற்கு மேல் இலக்கியச் சுவையாகக் "கைப்பு" வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சந்தையில் செல்லாது. பயனை வைத்துப் பிரிப்பவர்களுக்குச் சமையல் கிழங்கு, ஆலைக் கிழங்கு என்பது இன்னும் வசதி. ஆலைக்குப் போவதெல்லாம் கசக்கும் என்று மட்டும் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், பெயர் எதுவானாலும் பச்சைத் தழையை வெட்டி ஆட்டுக்கு முன் போட்டுவிடாதீர்கள், கசக்காத வகையின் இலையிலும் நஞ்சு உண்டு.