புரொக்ராஸ்டினேட்: உள்ளே உட்கார்ந்திருக்கும் 'நாளைக்கு'

ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்கள் எப்படியும் ஒருநாள் இந்தச் சொல்லில் வந்து நிற்பார்கள். எதிரே 'தள்ளிப்போடு, ஒத்திவை, தாமதி' என்று எழுதியிருக்கும். அதை நம்பி, 'த மீட்டிங் வாஸ் புரொக்ராஸ்டினேட்டட் டு ஃப்ரைடே' என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால், படிப்பவர் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். கூட்டத்தை யோசித்து, தேதி குறித்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் அது போஸ்ட்போன், நம் ஒத்திவைப்பு. பஸ் நேரத்துக்கு வராவிட்டால் அது டிலே. புரொக்ராஸ்டினேட் செய்ய ஒரு மனிதர் வேண்டும், அவர் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று வேண்டும், அதைத் தள்ளுவது நல்லதல்ல என்று அவருக்கே தெரிந்திருக்கவும் வேண்டும்.

சொல் லத்தீனிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'புரோ' என்றால் முன்னோக்கி, 'கிராஸ்' என்றால் நாளை, 'கிராஸ்டினஸ்' என்றால் நாளைக்குரியது. ஆக, நாளைக்கு நகர்த்துவது, அவ்வளவுதான். நாமும் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்றுதானே சொல்கிறோம்! உச்சரிக்கும்போது 'க்ரா'வில் அழுத்தம் கொடுங்கள், சொல் சரியாக வந்துவிடும்.

சரி, தமிழில்? பேச்சுக்குத் 'தள்ளிப்போடுவது' போதும். ஆனால் பழைய சொல் ஒன்று இருக்கிறது, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்: நெடுநீர். இங்கே நீர் என்பது தண்ணீர் இல்லை, நீர்மை, அதாவது குணம். 605-ஆவது குறளில், கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று வள்ளுவர் நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பே நெடுநீர் என்கிறார் பரிமேலழகர். இதில் கவனிக்க வேண்டியது, சோம்பலுக்கு 'மடி' என்று தனியாக ஒரு சொல் இருப்பதுதான், ஏனென்றால் புரொக்ராஸ்டினேட் செய்பவர் சோம்பேறி என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குப் பரீட்சை என்றால் இன்றைக்கு மேசையைத் துடைத்து, பேனாக்களை வரிசையாக அடுக்கி, அலமாரியைக்கூட ஒழுங்குபடுத்தி முடித்திருப்பார் அந்த ஆள், புத்தகத்தை மட்டும் திறந்திருக்க மாட்டார். மடி இல்லை, நெடுநீர்தான்.

எல்லாத் தாமதத்தையும் வள்ளுவர் திட்டவும் இல்லை. 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்கிறது 672-ஆவது குறள். தூங்குதல் என்றால் அங்கே காலம் தாழ்த்துதல். பொறுத்துச் செய்ய வேண்டியதைப் பொறுத்துச் செய் என்பது முதல் பாதி, அப்படி இல்லாததைத் தூங்கவிடாதே என்பது மறுபாதி. புரொக்ராஸ்டினேட் வருவது மறுபாதியில்தான்.

'இழுத்தடிப்பு' சரிவராதா என்று கேட்கலாம். அது நாம் அடுத்தவருக்குச் செய்வது, இது நமக்கு நாமே செய்துகொள்வது, அதனால் நான் போட மாட்டேன்.

அப்புறம், லத்தீன்காரர்கள் நாளையோடு விடவில்லை. 'பெரெண்டினேட்' என்று ஆங்கிலத்தில் யாரும் தொடாத சொல் ஒன்று கிடக்கிறது. நாளை மறுநாளைக்குத் தள்ளிப்போடுவது என்று அர்த்தம்.