பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது?

சென்னை மண்ணடி, பாரிமுனை பக்கம் லாட்ஜ்களில் தீப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால், உரிமையாளர்கள் முதலில் காட்டுவது சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைத்தான். நல்லதுதான், அது வேண்டும். ஆனால் நான் முதலில் கேட்பது, "பின்பக்கப் படிக்கட்டுக் கதவைத் திறந்து காட்டுங்கள்." பல இடங்களில் அப்போதுதான் சாவியைத் தேடுவார்கள். பட்டப்பகலிலேயே கிடைக்காத சாவி, ராத்திரி இரண்டு மணிக்குப் புகைக்குள் யாருக்குக் கிடைக்கும்?

ஏன் பூட்டுகிறீர்கள் என்றால், "சார், வாடகை கொடுக்காம பின்பக்கமா போயிடுறாங்க, திருட்டு பயம் வேற" என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதே. அதற்குப் பூட்டுதான் வழி என்பதில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத 'பேனிக் பார்' கதவுகள் கிடைக்கின்றன. கதவு திறந்தால் ரிசப்ஷனில் மணி அடிக்கும்படி ஓர் அலாரமும் சேர்த்துவிடலாம். வாடகையும் போகாது, உயிரும் போகாது.

சவுகார்பேட்டை, மண்ணடியின் பழைய கட்டடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. முகப்பு குறுகல், உள்ளே நீளம், இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர், மேலே போக ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் அடியில்தான் ஈபி மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கும். இப்போது அங்கேயே மின்சார ஸ்கூட்டருக்கும் சார்ஜ் போடுகிறார்கள். தீ பிடிக்க அதிக வாய்ப்புள்ள பொருள்களைத் தப்பிக்கிற வழியிலேயே வைக்கிறோம். கீழே பற்றினால் படிக்கட்டு புகைபோக்கி போல மாறி, மாடிகளுக்குப் புகையை ஏற்றும். 2022இல் செகந்திராபாத்தில் கீழே மின்சார இருசக்கர வாகன ஷோரூம், மேலே லாட்ஜ் என்றிருந்த கட்டடத்தில் 8 பேர் இறந்தார்கள். 2019இல் டெல்லி கரோல் பாக் ஓட்டலில் 17 பேர், 2025 ஏப்ரலில் கொல்கத்தா பராபஜார் ஓட்டலில் 14 பேர். இந்த விபத்துகளில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) கேட்பது அதிகமில்லை. தங்கும் கட்டடத்தில் எங்கிருந்தும் வெளியேறும் வழிக்கு 30 மீட்டருக்குள் போய்ச் சேர வேண்டும். முட்டுச்சந்தாக முடிகிற நடைவழி 15 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. வெளியேறும் கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம், ஓட்டல் படிக்கட்டு 1.5 மீட்டர். கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும். உள்ளிழுத்துத் திறக்கிற கதவின்மேல் கூட்டம் நெருக்கினால் யாராலும் அதைத் திறக்க முடியாது. லிஃப்ட் வெளியேறும் வழிக் கணக்கிலேயே வராது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் இறந்தார்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் வடமாநிலத் தொழிலாளர் தங்குமிடங்கள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை. கட்டில்மேல் கட்டில், நடைவழி முழுக்கப் பெட்டியும் துணிக்கொடியும், அறைக்குள்ளேயே கேஸ் அடுப்பு. 'அவசர வழி' என்று தமிழில் மட்டும் எழுதினால் அவர்களுக்குப் புரியாது. பச்சை நிறத்தில் ஓடும் மனிதன் படம் போடுங்கள், கரண்ட் போனாலும் எரிகிற பேட்டரி விளக்கோடு. சேர்ந்த அன்றே இந்தி, ஒடியா தெரிந்த ஒருவரைக் கொண்டு வழியை நடத்திக் காட்டச் சொல்லுங்கள்.

பெண்கள் விடுதிகளில் பாதுகாப்புக்காக இரவில் கேட்டைப் பூட்டுகிறார்கள், ஜன்னலெல்லாம் கம்பி. 2024இல் மதுரை விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இரவு முழுக்க வார்டன் அந்த மாடியிலேயே சாவியோடு இருக்கட்டும். மாடிக்கு ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து திறக்கிற கிரில்லாக இருக்கட்டும். இது வெளியேற இரண்டாவது வழி இருப்பதற்கு ஈடாகாது, ஆனால் இன்றே செய்ய முடியும்.

தங்கப் போகிறவர்களுக்கு: அறைக்குள் பையை வைத்ததும் படிக்கட்டு வரை நடந்து, நடுவில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவித்தான் போக வேண்டும். தீ என்று தெரிந்தால் அறைக் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். ஈரத் துண்டால் கதவிடுக்கை அடைத்து, ஜன்னல் பக்கம் போய் 101 அல்லது 112க்கு அழைத்து அறை எண்ணைச் சொல்லுங்கள். பின்வாசல் பூட்டியிருந்தால் ரிசப்ஷனில் அப்போதே திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு லாட்ஜ் பாருங்கள், அப்புறம் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.