“சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம், டாக்டர்”

கடந்த வாரம் வளைகாப்பு நடந்த ஒரு வீட்டிலிருந்து ஐந்து பேர், இரவு பதினொரு மணிக்கு மேல், ஒருவர் பின் ஒருவராக என் சிகிச்சையகத்திற்கு வந்து சேர்ந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கிளறி இறக்கிய தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் பகல் முழுவதும் அண்டாவில் மூடியபடியே இருந்திருக்கின்றன. மிஞ்சியதைக் கொட்ட மனம் வராமல் இரவில் வாணலியில் போட்டுச் சூடாக்கி எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. வளையல் அணிந்த கர்ப்பிணியும் அந்த ஐவரில் ஒருவர். இதே கதையோடு இந்த மாதம் வந்த நான்காவது குடும்பம் இது என்பதால், பொறுமை இழந்துதான் இதை எழுதுகிறேன்.

நான்கு குடும்பங்களும் சொன்னது ஒரே வாக்கியம்: “நன்றாகச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம், டாக்டர்.” சூடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் அது எவ்வளவு தவறு என்பதை நான் சலிக்காமல் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணிலும், அதன் வழியே அரிசியிலும் இயல்பாகவே இருக்கிறது. அதன் வித்துகள் உலை கொதிக்கும் சூட்டையும் தாங்கி உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணி நேரங்களில் அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நஞ்சைச் சோற்றிலேயே சேர்த்துவிடும். நீங்கள் இரவில் சூடாக்கும்போது பாக்டீரியா செத்துப்போகலாம். நஞ்சு அப்படியே இருக்கும். அறுவை சிகிச்சைக் கருவிகளைத் தூய்மையாக்க ஆட்டோகிளேவில் நாங்கள் பயன்படுத்தும் 121 டிகிரி வெப்பத்திற்கே அசையாத நஞ்சை, உங்கள் வாணலி என்ன செய்துவிடும்? மோந்து பார்த்தோம், வாடை ஒன்றும் இல்லையே என்பார்கள். இந்த நஞ்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. ஏற்கெனவே உருவாகிவிட்ட நஞ்சுக்கு ஆன்டிபயாடிக் ஊசியும் பயன்படாது என்பதால், “ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்று கேட்பவர்களிடம் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கொடுத்து நான் கெட்ட பெயர் வாங்கிக்கொள்கிறேன்.

உணவை எறியக் கூடாது என்ற எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது; அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அந்த அறிக்கையின் மதிப்பீடு. ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகும் ஊரில், சோற்றைக் கொட்டும்போது கை நடுங்குவது நியாயமே. ஆனால் அந்த நடுக்கம் இரவு ஒன்பது மணிக்கு வந்து பயனில்லை. அரிசியை அளக்கும்போது வர வேண்டும். ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று சமையல்காரர் கணக்குச் சொன்னால், குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்று அதன்மேல் இன்னும் ஐந்து கிலோ போடச் சொல்பவர் வீட்டுப் பெரியவர்தான்.

சரி, மிஞ்சிவிட்டது. சாப்பிட்டு முடித்த பிறகு யோசிக்கலாம் என்று இருக்காதீர்கள். பந்தி நடக்கும்போதே, இனித் தேவைப்படாது என்று தெரிந்த சோற்றை அண்டாவிலிருந்து எடுத்துவிடுங்கள். அண்டாவின் நடுவில் இருக்கும் சோறு மணிக்கணக்கில் ஆறாது; அந்த இளஞ்சூடுதான் ஆபத்து. அகலமான தாம்பாளங்களில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியின் கீழே ஆற்றி, ஆவி அடங்கியதும் சிறு டப்பாக்களில் அடைத்து, ஒரு மணி நேரத்திற்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். லேசான சூட்டோடு வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், ஃப்ரிட்ஜைப் பழுது பார்ப்பது மனிதரைப் பழுது பார்ப்பதைவிட எளிது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்தச் சோற்றை மறுநாளே, ஒரே ஒரு முறை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது பழைய சோற்றை இழுத்துக்கொண்டு வருவார்கள். பழைய சோறு என்பது ஆறிய வெறும் சோற்றில் நல்ல நீரை ஊற்றி வைப்பது. லாக்டிக் அமில பாக்டீரியா அதைப் புளிக்கவைப்பதால் மற்றக் கிருமிகளுக்கு அங்கே இடம் குறைகிறது. அதற்கும் பகல் முழுவதும் வெந்து புழுங்கிய தேங்காய்ச் சாதத்திற்கும் உறவு கிடையாது. புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த புளியோதரை வழிப்பயணத்திற்குத் தாங்கும் என்பதும் உண்மையே. அந்தச் சலுகையைத் தேங்காய்ச் சாதத்திற்கு நீட்டாதீர்கள்.

பசுவுக்குப் போட்டுவிடலாம் என்பதும் தீர்வாகாது. சோற்றை அளவுக்கு மீறித் தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி, மாடே செத்துப்போகும். பொங்கல் முடிந்த மறுநாள் தனக்கு ஓய்வே கிடைப்பதில்லை என்று என் கால்நடை மருத்துவ நண்பர் ஆண்டுதோறும் புலம்புகிறார். பெரிய விழாவென்றால், மிஞ்சும் உணவைப் பெற்றுப் பகிரும் அமைப்பினரிடம் முதல் நாளே பேசி, பந்தி முடியும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதற்கென்று 2019-இலேயே தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு, நீங்களே சாப்பிடத் தயங்கும் சோற்றை எடுத்துக்கொண்டு போய் முதியோர் இல்லத்தின் வாசலில் நிற்பதைத் தயவுசெய்து தானம் என்று சொல்லாதீர்கள்.

வாந்தியோடு வரும் குடும்பங்களிடம் “யார் அதிகம் சாப்பிட்டது?” என்று நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் அந்த வீட்டு அம்மாதான். எல்லோரும் போதும் என்று எழுந்த பிறகு, பாத்திரத்தின் அடியில் இருப்பதை வீணாக்க வேண்டாமே என்று தன் தட்டில் கவிழ்த்துக்கொள்பவர் அவர். அன்றிரவு சலைன் ஏறியதும் அவருக்குத்தான். அம்மா, உங்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: வீணாகக் கூடாது என்றால், நாளைக் காலை அரிசிப் படியில் கை வைக்கும் முன், இன்று யார் யார் வீட்டில் சாப்பிடப் போகிறீர்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கேளுங்கள், பதில் சொல்லாமல் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறவர் எவராக இருந்தாலும், மிஞ்சியதை ஆற்றி, டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் எடுத்துவைக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.