பத்திரத்தில் இருக்கும் தெரு

திருவொற்றியூர் பக்கம் வீடு வாங்கப் போகிற ஒருவர், மூலப்பத்திர நகலை என்னிடம் கொடுத்து இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். செக்குபந்தியில், அதாவது மனையின் நான்கு எல்லை விவரத்தில், கிழக்கே ஒரு தெரு, அந்தத் தெருவைத் தாண்டி இன்னொருவர் மனை என்று எழுதியிருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பின்சுவரிலிருந்து 18 அடியில் கருங்கல் குவியல், அதற்கப்புறம் கடல். பட்டா சரி, வரி ரசீது சரி, வில்லங்கச் சான்றிலும் ஒன்றும் இல்லை. கடல் அரித்த நிலம் வில்லங்கச் சான்றில் வராது என்பதுதான் பிரச்சினை.

நான் கட்டடப் பொறியாளர். வடசென்னையில் வீடு பார்க்கிறவர்களிடம் நான் முதலில் பேசுவது துறைமுகத்தைப் பற்றித்தான்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் வாங்கிய பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரை சேர்ந்தது மசூலா படகில்தான், ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு, அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். அப்போது அலை கோட்டைச் சுவர் அருகே வரை வந்துகொண்டிருந்தது. 1875இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் இரண்டு நீண்ட சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியை உடைத்தது, திரும்பக் கட்டினார்கள்.

இந்தக் கரையில் மணல் நிற்பதே இல்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே போகும் (வடக்கே போகும் நீரோட்டத்தைத்தான் மீனவர்கள் தெண்டி என்பார்கள்), வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பி வரும், கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அதன் குறுக்கே சுவர் வந்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துகொண்டே போனது. இன்று நாம் நடந்து நடந்து களைக்கும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாயிலையும் மணல் விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்பில் இருந்தபோது, அதை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் வைத்தார்கள்.

வடக்கே போக வேண்டிய மணல்தான் போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை வரிசையாக அரித்தது. ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அந்த இடம் நிற்கும், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். அன்று நான் அளந்துகொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து, கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் ஒரு இடத்தைக் கை காட்டி, "அங்கதான் தம்பி எங்க அம்மா வீடு, கிணறு கூட இருந்துச்சு" என்றார். வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். செக்குபந்தியில் சொன்ன தெருவுக்கு நேராகத்தான் காட்டினார்.

அதனால் கடலோரம் வாங்குகிறவர்கள் தாலுகா அலுவலகத்தில் புலப்படம் (நிலத்தின் சர்வே அளவுகள் உள்ள வரைபடம்) வாங்கி, மேற்கே நிலையாக இருக்கும் ஒரு சாலையிலிருந்தோ பழைய சர்வே கல்லிலிருந்தோ அளந்து பாருங்கள். கிழக்கிலிருந்து அளந்தால் எல்லாமே தப்பாகிவிடும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் உயர் அலைக்கோடு, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை, எங்கே என்று பாருங்கள். அதிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் இடித்துக் கட்டவும் மாடி எடுக்கவும் தனி விதிகள் உண்டு, முகத்துவாரக் கரைகளுக்கும் விதி உண்டு. முன்பணம் கொடுத்த பிறகு இதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அப்புறம் தூண்களின் அடியில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா பாருங்கள், உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குவதன் அடையாளம் அது. மேலே பூசி மறைத்திருந்தால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் வரும்.

இப்போது சென்னைத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த நிலக்கரி எல்லாம் 2001இல் தொடங்கிய எண்ணூர் துறைமுகத்துக்குப் போய்விட்டது, பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம் வேறு. இரண்டுக்கும் அலைதடுப்புச் சுவர் உண்டு, வடக்கே பழவேற்காடு போகும் கரையில் அரிப்பும் உண்டு. "துறைமுகத்துக்கு அருகில் மனை" என்று அங்கே விளம்பரம் வருகிறது. போன் செய்கிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், மனை அந்தச் சுவருக்குத் தெற்கா வடக்கா, கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.