முனிசிபல் பாண்ட்: பிணைமுறியா, கடன்முறியா?

அமெரிக்க ரயில் பாதைகளின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'முனிசிபல் பாண்ட்' என்பதை 'நகராட்சிப் பிணைமுறி' என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பொருளைக் குழப்பும் சொல் அது.

'பாண்ட்' ஆங்கிலத்தில் கட்டுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. கடன் வாங்கும் நகராட்சி, இன்ன வட்டியோடு இன்ன நாளில் திருப்பித் தருவேன் என்று எழுதிக்கொடுக்கும் சீட்டே முனிசிபல் பாண்ட்.

வேரைப் பார்த்துப் 'பிணை' என்றார்கள். ஆனால் தமிழில் பிணை என்றால் ஜாமீன். ஒருவர் பட்ட கடனுக்கு இன்னொருவரோ ஒரு சொத்தோ பொறுப்பேற்பது. 19-ஆம் நூற்றாண்டு நியூயார்க் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். ரயில் தங்கள் ஊர் வழியே வரவேண்டும் என்று டவுன்கள் (அங்குள்ள உள்ளூராட்சிகள்) பாண்ட் வெளியிட்டு ரயில் கம்பெனிக்கு உதவின. 1869-இல் வந்த சட்டம், அந்த டவுனில் உள்ள ரயில் சொத்தின் மீது வசூலாகும் வரியை, பள்ளி வரியும் சாலை வரியும் நீங்கலாக, அந்தக் கடனைத் தீர்க்கவே ஒதுக்கச் சொன்னது. இங்கே 'பிணைமுறி' என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? ரயில் கம்பெனியின் சொத்து அடமானத்தில் இருந்தது என்றுதான் நினைப்பார். அப்படி எந்த அடமானமும் இல்லை. கம்பெனி நொடித்தாலும் கடனைக் கட்டவேண்டியது டவுன்தான், அதாவது அங்கே வரி கட்டும் மக்கள். வரி வருமானம் வேறு, பிணை வேறு. அந்த வேறுபாட்டில்தான் முழுக் கதையும் நிற்கிறது. சொல் அதையே விழுங்கிவிடுகிறது.

அயோவா மாநிலத்தின் டுபூக் நகர வழக்கைப் பற்றி எழுதும்போதும் இதே கோளாறு. 1864-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது, ரயிலுக்காக இப்படிக் கடன் எழுதிக்கொடுக்க நகருக்கு அதிகாரம் உண்டா என்பதை. அதிகாரம் உண்டு என்ற தன் பழைய தீர்ப்புகளை மாநில நீதிமன்றம் மாற்றிக்கொண்டபோதும், அவற்றை நம்பி வாங்கப்பட்ட பாண்டுகள் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். பிணை பற்றிய பேச்சே அங்கில்லை.

வெறும் 'பத்திரம்' போதும் என்பாரும் உண்டு. போதாது. பல டவுன்கள் பாண்டைக் கொடுத்துக் கம்பெனியின் பங்குகளைப் பெற்றன. பங்கையும் பத்திரம் என்று எழுதிப் பழகியவர் 'பத்திரம் கொடுத்துப் பத்திரம் வாங்கினார்கள்' என்றுதான் எழுதவேண்டிவரும். 'கடன் பத்திரம்' என்றால் எனக்கு மறுப்பில்லை, வழக்கில் உள்ளது, தெளிவானது. ஆயினும் எழுதிக்கொடுத்த ஆவணத்துக்கு 'முறி' என்ற பழஞ்சொல் இருக்கிறதே! நகராட்சிக் கடன்முறி என்று எழுதலாம். யார் கடன்பட்டார் என்பது சொல்லிலேயே தெரியும்.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு அல்ல. பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுங்கள்.