இடது கால் எங்கே இருக்கிறது?

போன வருடம் மழைக்கு முன்னால் ஒரு தம்பி, காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் கார் பட்டறைக்கு வந்தார். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத பெட்ரோல் வண்டி. மீட்டரில் 23,000 கிலோமீட்டர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. "அண்ணா, நான் நாற்பதுக்கு மேல ஓட்டினதே இல்ல. எப்படி கிளட்ச் போகும்?" என்றார்.

கிளட்ச் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் கியர்பாக்ஸை இறக்கினோம். கிளட்ச் பிளேட்டின் மேல் ரிவெட் அடித்துப் பொருத்திய உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், ரிவெட் வரைக்கும் தேய்ந்து போயிருந்தது. ரிவெட் தலைகள், இன்ஜினோடு சுற்றும் இரும்புச் சக்கரமான ஃபிளைவீலில் வட்டவட்டமாகக் கோடு கிழித்திருந்தன. அதன் முகத்தில் அங்கங்கே நீலம் பூத்திருந்தது. இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறி ஆறினால் அந்த நிறம் வரும். உள்ளே கண்மை மாதிரி கறுப்புத் தூள். தட்டி எடுத்து அவர் கையில் கொட்டினேன். "இதுதான் தம்பி உங்க கிளட்ச்."

அதே மாடல் வண்டி ஒன்று, திருச்சி ரோட்டில் ஓடும் டிராவல்ஸ் வண்டி, ஒரு லட்சம் தாண்டியும் பழைய பிளேட்டோடுதான் வருகிறது. ஹைவே வண்டி, அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். சரி. சென்னை வேளச்சேரிக்குள்ளேயே ஓட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தினமும் விஜயநகர் சிக்னலில் நின்று நின்று போகிறவர். 80,000 ஓடியும் கிளட்ச் பக்கம் நான் கை வைக்கவில்லை. ஆகவே டிராஃபிக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

புது கிளட்ச் செட் போட்டு, ஃபிளைவீலின் முகத்தை லேத்தில் கடைந்து சமமாக்கி மாட்டிய பிறகு, அந்தத் தம்பியோடு நானும் ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கரணையிலிருந்து ரேடியல் ரோடு வழியாகத் துரைப்பாக்கம், மாலை ஆறரை மணி. ரோட்டைப் பார்க்கவில்லை, அவருடைய இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கால் ஒருமுறைகூடத் தரையில் படவில்லை. நகரும்போது பெடல் பாதி மேலே, நிற்கும்போது முழுக்கக் கீழே, சிக்னலில் முதல் கியரைப் போட்டு அமுக்கியபடியே ஒன்றரை நிமிடம். முன்னால் இருந்த பஸ் ஒரு முழம் நகர்ந்தால் இவரும் ஒரு முழம்.

இப்படி அரைகுறையாகப் பெடலை வைத்திருப்பதைத்தான் ஆஃப் கிளட்ச், அதாவது அரை கிளட்ச், என்கிறோம். அப்போது உள்ளே என்ன நடக்கிறது? இன்ஜினோடு சேர்ந்து ஃபிளைவீல் சுற்றுகிறது. வண்டியோ கிட்டத்தட்ட நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பிளேட் தேய்கிறது. இன்ஜின் 1500 ஆர்.பி.எம்.மில் இருந்தால் விநாடிக்கு 25 சுற்று. ரிவெட்டுக்கு மேலே தேய்வதற்கென்று இருக்கும் லைனிங்கின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. மெதுவாக ஓட்டினால் வண்டி தேயாது என்பது டயருக்கு வேண்டுமானால் பொருந்தும், கிளட்சுக்குப் பொருந்தாது. அது தேய்வதே கிளம்பும் நேரத்தில்தான்.

பெடலை முழுக்க அமுக்கி வைத்தால் பிளேட் விடுபட்டுவிடும், தேயாது. ஆனால் பெடலை மிதிக்கும்போது ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் அந்த ஸ்பிரிங்கின் முழுப் பாரத்தையும் தாங்கியபடி சுற்றிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கிர்ரென்று ஒரு சத்தம் வர ஆரம்பிக்கும். பேரிங்கின் விலை பெரிதில்லை. அதை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், கூலி அங்கேதான்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சமதளத்தில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக, ஆனால் முழுக்க விட்டுவிடுங்கள். ஆக்சிலரேட்டர் வேண்டாம். வண்டி தானாகவே நடக்கிறவரைவிடச் சற்று வேகமாக ஊரும். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், அதாவது ஐடிலிங், இறங்காமல் இன்ஜினே பார்த்துக்கொள்ளும். இதை நம்பாமல் பதறி மறுபடி கிளட்சை மிதிக்கிறவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி ரோட்டில் நாலு தடவை செய்து பாருங்கள், நம்பிக்கை வந்துவிடும்.

ஊர்ந்து போக முன்னால் இடம் வேண்டும். ஒரு கார் நீளம் இருந்தால் போதும். முன்வண்டி நகர்ந்த உடனே நகராமல், அந்த இடம் கிடைத்த பிறகு கிளம்பினால், பத்துத் தடவை மிதிக்கிற இடத்தில் மூன்று தடவை போதும். "இடம் விட்டா ஆட்டோ புகுந்துடுமே அண்ணா!" என்றார் தம்பி. புகும்தான். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து ஓ.எம்.ஆர். ரோடு சுருங்கிய பிறகு இன்னும் வேகமாகப் புகுகிறார்கள். புகட்டும். ஒரு ஆட்டோவுக்கு வழி விட்டால் பத்து விநாடி போகும். விடாமல் முட்டிக்கொண்டு போனதற்குத் தம்பி கட்டிய பில்லை அவரே சொல்லட்டும்.

சிக்னலில் நின்றால் நியூட்ரல், கால் தரையில். அப்புறம் மேம்பால ஏற்றம். கத்திப்பாராவில் ஏறும்போது முன்னால் வண்டிகள் நின்றுவிட்டால், பலர் பிரேக்கைத் தொடாமல் ஆஃப் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிடுவார்கள். சாமர்த்தியம் போலத் தெரியும். எனக்கு வியாபாரமே அங்கேதான் கிடைக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கிளம்பும்போது முதல் கியர், கிளட்சை மெல்ல விட்டால் ஓர் இடத்தில் பானெட் லேசாகத் தூக்கும். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் வராது. அந்த ஒன்றிரண்டு விநாடிக்குத்தான் ஆஃப் கிளட்ச். மேட்டில் பின்னால் உருளாமல் தானே பிரேக் பிடிக்கும் ஹில் ஹோல்ட் உள்ள வண்டி என்றாலும் அது இரண்டு மூன்று விநாடிதான் பிடிக்கும்.

அந்த ஏற்றத்தில் பிரேக் லைனர் கருகின மாதிரி வாடை வந்தால், "அடுத்த வண்டியாக இருக்கும்" என்று கண்ணாடியை ஏற்றாதீர்கள். ஓரமாக நிறுத்தி, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். பெடல் மிகவும் மேலே வந்த பிறகே வண்டி பிடிக்கிறது என்றாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வாரன்ட்டி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். தேய்கிற சாமான் கணக்கில் வைத்து, பெரும்பாலும் பணம் உங்களிடமே கேட்பார்கள்.

தானாகவே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வண்டி வாங்கிவிட்டேன், எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2014-இல் மாருதி செலெரியோ காரோடு பரவலான அந்த அமைப்பில் பெடல்தான் இல்லை, கிளட்ச் உள்ளேயே இருக்கிறது. மிதிக்கும் வேலையை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் அதுவும் கருகும். பிரேக்கை மிதியுங்கள்.

முட்டி வலி என்று சொல்கிறவர்கள் சீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். கிளட்சை அடிவரை அமுக்கிய பிறகும் முட்டி கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும். கடையில் கூடுதலாக வாங்கிப் போட்ட தடித்த மேட், பெடலுக்கு அடியில் சுருண்டு கிடந்தால் கிளட்ச் முழுக்கப் போகாது, கியர் கரகரக்கும். இதற்காகவே "கியர்பாக்ஸ் போச்சு" என்று வந்த இரண்டு பேரை, மேட்டை உருவிவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி போன வாரம் ஆயில் மாற்ற வந்தார். மீட்டரில் 38,000. ஒன்றும் கேட்கவில்லை, கதவைத் திறந்து கீழே பார்த்தேன். கிளட்ச் பெடலுக்கு இடது பக்கம், மேட்டின் மேல், ஷூ அடித்தடம் புழுதியோடு அழுத்தமாகப் பதிந்திருந்தது.