கால்வாய் ‘லாக்’: பூட்டா, அடைப்பா?

‘கப்பல் மூன்று பூட்டுகளைத் தாண்டிப் பனாமா கால்வாயில் ஏறியது’ என்று ஒரு வரியைப் படித்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும். ‘லாக்’ என்றதும் பூட்டு என்று எழுதிவிடுவது எளிது. கால்வாயில் அந்தச் சொல் சொல்வது வேறு: படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவு அமைப்பு.

வேர் என்னவோ ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் ‘லொக்’ என்பது தாழ்ப்பாளையும் குறித்தது, அடைத்து வைத்த இடத்தையும் குறித்தது. வீட்டுக் கதவோடு தங்கியது முதல் பொருள். ஆற்றுக்கு வந்தது இரண்டாவது. பிரெஞ்சின் ‘எக்லூஸ்’, ஸ்பானியத்தின் ‘எஸ்க்ளூசா’ இரண்டும் ‘வெளியே நிறுத்தி அடைத்தது’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அங்கேயும் அடைப்புதான்.

முதலில் இருந்தது ஒற்றைக் கதவு. ஆற்றின் குறுக்கே தடுப்பு, நடுவில் ஒரு திறப்பு. திறந்ததும் பாய்கிற வெள்ளத்தோடு படகு கீழே சறுக்கும். மேலே போக வேண்டுமானால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். இதற்குப் ‘ஃபிளாஷ் லாக்’ என்று பெயர். அப்புறம் வந்த இரட்டைக் கதவு அமைப்பு ‘பவுண்டு லாக்’. இந்தப் பவுண்டு பணமும் இல்லை, எடையும் இல்லை. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைப்பார்களே, அதே பவுண்டு! இரண்டு கதவுகளுக்கு நடுவே தண்ணீரைப் பட்டியில் அடைப்பதுபோல அடைக்கிறார்கள்.

இந்த இரட்டைக் கதவைச் சீனாவின் பெருங்கால்வாயில் 984இல் சியாவோ வெய்யுவே என்ற அதிகாரி கட்டினார். அதற்கு முன் படகுகளைச் சரிவுமேடை வழியே இழுத்து ஏற்றுவார்கள்; படகு உடையும், சரக்கு திருடு போகும். திருட்டுக்குப் பயந்து கட்டியது என்பதால் அதை மட்டும் வேண்டுமானால் பூட்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கீழிருந்து வரும் படகு இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். மேல்பக்கத்துச் சின்னத் திறப்புகள் வழியே தண்ணீர் இறங்கித் தொட்டியை நிரப்பும், படகு தானாக உயரும். மேல்மட்டத்தைத் தொட்டதும் முன்கதவு திறக்கும். பம்பும் இல்லை, எந்திரமும் இல்லை. கதவுகள் மேல்நீரை நோக்கிக் கூம்பாகச் சேர்வதால் தண்ணீரின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடிக்கும். இருபுறமும் மட்டம் சமமாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது.

இங்கிலாந்தின் தொழில் கால்வாய்களில் பேர் பெற்ற பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், 1761இல் வோர்ஸ்லி சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுவரத் தொடங்கியது. ஊரில் நிலக்கரி விலை பாதியானது. அந்தப் பாதையில் லாக்கே கிடையாது. நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வெட்டினார்கள். மலையைக் கடக்கப் போன கால்வாய்களுக்கு அந்த வசதி இல்லை. லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்க 1770இல் தொடங்கிய கால்வாய் பென்னைன் மலைத்தொடரைத் தாண்ட வேண்டியிருந்தது. 204 கிலோமீட்டர் நீளம், 91 லாக்குகள், முடிந்தது 1816இல்.

அதில் பிங்லி என்ற இடத்தில் ஐந்து தொட்டிகள் படிக்கட்டுபோல ஒட்டி நிற்கின்றன. ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. சுமார் 18 மீட்டர் உயரத்தைப் படகு இப்படியே ஏறிவிடும். 1774 மார்ச்சில் திறந்தது, இன்றும் ஓடுகிறது. ஆனால் எந்தத் தொட்டியை எப்போது நிரப்புவது என்று கணக்குத் தப்பினால் தண்ணீர் கரைமீறி வழியும், இல்லாவிட்டால் படகு வறண்ட தொட்டியில் தரைதட்டி நிற்கும். அதனால் அங்கே காவலர் இல்லாமல் யாரும் கடப்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொருளைப் பார்த்தால் ‘அடைப்பு’ நெருக்கம். ஆனால் ‘கால்வாயில் அடைப்பு’ என்றால் தூர்வார ஆள் வந்து நிற்பார்கள். ‘பூட்டு’ என்பது மாட்டை ஏரில் பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது என்று இணைத்து இறுக்குவதைச் சொல்லும் சொல். நீரைத் தேக்குவதோடு அதற்கு உறவில்லை. ஏரியில் கலிங்கு இருப்பது உபரிநீர் வழிய, தூம்பு இருப்பது நீரை வெளியே விட. மிஞ்சுவது மதகு. நீரின்மேல் திறந்து மூடும் கதவு என்ற கருத்து அதில் ஏற்கெனவே இருக்கிறது. என்ன, மதகு பாசனத்துக்குத் தண்ணீர் விடும், படகை ஏற்றாது. அதனால் முன்னால் ஒரு சொல் சேர்த்துப் ‘படகு மதகு’ என்கிறேன். பனாமாவில் ‘கப்பல் மதகு’. நடுவிலுள்ள அறை ‘தொட்டி’, பிங்லியில் இருப்பது ‘அடுக்கு மதகு’, ‘லாக் கீப்பர்’ மதகுக் காவலர்.